புகைச் சோதனையில் தோற்ற டீசல் வண்டி: சேர்பொருள் பாட்டிலை வாங்கும் முன் செய்ய வேண்டியவை

நாமக்கல்லில் 2012-ஆம் ஆண்டில் பதிவான ஒரு பி.எஸ். 3 (பாரத் ஸ்டேஜ் என்ற மாசு நெறியின் மூன்றாம் கட்டம்) வேனைப் பழைய வண்டியாக வாங்கி, எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குக் காட்டுவதற்கு முன் புகைச் சான்றிதழ் எடுக்கப் போனபோது, புகையை அளக்கும் மீட்டர் 3.12 என்று காட்டியது. என் வண்டிக்கு உரிய வரம்பு 2.45. அன்று மாலையே கடையில் சொன்ன ஒரு டீசல் சேர்பொருளை, அதாவது டீசலோடு கலக்கும் திரவத்தை, வாங்கி ஊற்றினேன். அடுத்த மூன்று வாரங்களில் வெவ்வேறு பெயரில் மேலும் இரண்டு பாட்டில்கள் வாங்கினேன். மூன்றுக்கும் சேர்த்து 1,400 ரூபாய் போன பின்னும் மீட்டர் 3.05-க்குக் கீழே இறங்கவில்லை. நான் வாங்கிய பாட்டில்களில் இரண்டு டீசலின் தீப்பற்றும் தரத்தை, அதாவது சீட்டேன் எண்ணை, உயர்த்துபவை என்பதும், அந்தத் தரம் உயர்வதால் குறையும் மாசுகளை இந்தச் சோதனை அளப்பதே இல்லை என்பதும் எனக்குப் பிறகுதான் விளங்கின. முதல் முறையாக டீசல் வண்டி வாங்கியிருக்கும் ஒருவர் அதே மூன்று வாரங்களையும் அதே பணத்தையும் இழக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காக, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. உங்கள் வண்டிக்கு உரிய வரம்பை ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்

டீசல் வண்டிகளுக்கு எல்லாம் ஒரே வரம்பு கிடையாது. பி.எஸ். 4-க்கு முந்தைய வண்டிகளுக்கு புகை ஒளியை உறிஞ்சும் அளவு ஒரு மீட்டர் நீளத்துக்கு 2.45 வரை இருக்கலாம். இதையே ஹார்ட்ரிட்ஜ் அலகில் 65 என்று சொல்வார்கள். பி.எஸ். 4 வண்டிக்கு 1.62, அதாவது ஹார்ட்ரிட்ஜ் 50. பி.எஸ். 6 வண்டிக்கு 0.7. சோதனை நிலையத்தில் உங்கள் வண்டியின் வகையைத் தவறாகப் பதிந்துவிட்டால், தேற வேண்டிய வண்டியும் தோற்றுப்போகும். ஆகவே ஆர்.சி.யில் எந்த மாசு நெறி அச்சிடப்பட்டிருக்கிறது என்பதை முன்கூட்டியே பார்த்து, சோதனை தொடங்கும் முன் நிலையத்தில் இருப்பவரிடம் நீங்களே சொல்லுங்கள்.

சான்றிதழின் ஆயுளும் இதைப் பொறுத்ததே. பி.எஸ். 3 மற்றும் அதற்கு முந்தைய வண்டிகளுக்கு ஆறு மாதம், பி.எஸ். 4, பி.எஸ். 6 வண்டிகளுக்கு ஓராண்டு. புது வண்டிக்குப் பதிவான நாளிலிருந்து முதல் ஓராண்டு சான்றிதழ் தேவையில்லை. சான்றிதழ் இல்லாமல் ஓட்டிப் பிடிபட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மூன்று மாதம் வரை ஓட்டுநர் உரிமத்தையும் நிறுத்திவைக்கலாம்.

கையில் இருக்க வேண்டியவை ஆர்.சி., பழைய புகைச் சான்றிதழ், ஆர்.சி.யோடு இணைத்திருக்கும் கைபேசி எண் ஆகியவை. பழைய வண்டி வாங்கியவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான் தடுக்கி விழுகிறார்கள். 2021 ஜூனில் நாடு முழுவதற்கும் ஒரே வடிவச் சான்றிதழ் வந்த பிறகு, உரிமையாளரின் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யைக் கொடுத்தால்தான் சான்றிதழ் பதிவாகும். முந்தைய உரிமையாளரின் எண்ணே கணக்கில் இருந்தால், வண்டி தேறினாலும் சான்றிதழ் கைக்கு வராது. பெயர் மாற்றம் முடிந்தவுடன், வண்டிப் பதிவுகளுக்கான அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணையும் மாற்றிவிடுங்கள்.

அதே அறிவிப்பு இன்னொரு நல்ல வசதியையும் தந்தது. வண்டி தோற்றால் காரணம் குறிப்பிட்ட நிராகரிப்புச் சீட்டைத் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். பட்டறையில் காட்டவும், இன்னொரு நிலையத்தில் மறுபடி சோதித்து ஒப்பிடவும் அது உதவும். நான் முதல் முறை அதைக் கேட்காமல், எண்ணை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். பட்டறைக்காரர் எத்தனை முறை முடுக்கியதில் வந்த எண் என்று கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை.

2. மீட்டர் எதை அளக்கிறது, சீட்டேன் எதை மாற்றுகிறது என்பதைப் பிரித்துப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி தரும் பிளக் இல்லை. காற்று அழுத்தப்பட்டு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறியதும், அதற்குள் டீசல் பீய்ச்சப்படுகிறது. அந்தச் சூட்டில் டீசல் தானாகத் தீப்பற்றுகிறது. பீய்ச்சத் தொடங்கிய கணத்துக்கும் தீப்பற்றும் கணத்துக்கும் இடையே ஒரு நொடியின் ஆயிரத்தில் ஓரிரு பங்கு அளவுக்கு ஓர் இடைவெளி இருக்கிறது. இதுவே தீப்பற்றும் தாமதம். இந்தத் தாமதம் எவ்வளவு குறைவு என்பதைக் காட்டும் அளவுதான் சீட்டேன் எண். சீட்டேன் என்ற தூய ஹைட்ரோகார்பனுக்கு 100 என்றும், ஐசோசீட்டேன் என்று வழங்கும் இன்னொன்றுக்கு 15 என்றும் வைத்துக்கொண்டு, அவற்றின் கலவையோடு டீசலை ஒப்பிட்டு இந்த எண்ணைக் கண்டுபிடிக்கிறார்கள்.

தாமதம் நீளும்போது அந்த இடைவெளியில் நிறைய டீசல் காற்றோடு கலந்து காத்திருக்கிறது. பற்றியவுடன் அவ்வளவும் ஒரே வீச்சில் எரிகிறது. அழுத்தம் திடீரென ஏறுவதால் எஞ்சின் கடகடவென்று தட்டுகிறது. வெப்பம் உச்சத்துக்குப் போவதால் நைட்ரஜன் ஆக்சைடுகள் கூடுகின்றன. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தாமதம் இன்னும் நீண்டு, சில துளிகள் பற்றாமலே வெளியேறுகின்றன. காலையில் வண்டியை எழுப்பும்போது வரும் வெள்ளைப் புகையும் கண் எரிச்சலும் அவற்றால்தான். சீட்டேன் எண் கூடினால் இவை எல்லாம் குறையும். எரியாத ஹைட்ரோகார்பனும் கார்பன் மோனாக்சைடும் குறையும், நைட்ரஜன் ஆக்சைடுகளும் சில சதவீதம் குறையும், சத்தம் அடங்கும், காலையில் வண்டி சட்டென்று எழும்.

ஆனால் கரும்புகையின் கதை வேறு. முதல் வீச்சுக்குப் பிறகு பீய்ச்சப்படும் டீசல், காற்றோடு கலக்கக் கலக்க எரிகிறது. காற்று போதாத இடத்தில் அது முழுதாக எரியாமல் கரித்துகளாக மாறுகிறது. தீப்பற்றும் தாமதம் குறைந்தால், முன்கூட்டிக் கலந்து எரியும் பங்கு சுருங்கி, இவ்வாறு கலந்துகொண்டே எரியும் பங்கு பெருகுகிறது. அதனால் சீட்டேன் உயரும்போது கரித்துகள் சில எஞ்சின்களில் மாறாமலே இருக்கும், சிலவற்றில் சற்றுக் கூடவும் செய்யும்.

நம் ஊர்ப் புகைச் சோதனை என்ன அளக்கிறது? வண்டியை நிறுத்திவைத்து, ஆக்சிலேட்டரை முழுதாக மிதித்து, வெளிவரும் புகையின் ஊடே ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு ஒளி மறைகிறது என்று பார்க்கிறது. ஒளியை மறைப்பது பெரும்பாலும் கரித்துகள். நைட்ரஜன் ஆக்சைடு கண்ணுக்கும் தெரியாது, அந்த மீட்டருக்கும் தெரியாது. தீப்பற்றும் தரத்தை உயர்த்தும் சேர்பொருள் காற்றுக்கு நன்மை செய்திருந்தாலும் சீட்டில் அந்த நன்மை பதிவாகாது. என் முதல் இரண்டு பாட்டில்களால் எண் அசையாததற்கு இதுவே காரணம். வேனின் சத்தம் மட்டும் உண்மையிலேயே குறைந்திருந்தது.

3. புகையின் நிறத்தைப் பார்த்துக் குறையை வகைப்படுத்துங்கள்

காலையில் குளிர்ந்த எஞ்சினை ஒரு முறையும், இருபது கிலோமீட்டர் ஓட்டிய பின் ஒரு முறையும், வண்டிக்குப் பின்னால் ஒருவரை நிற்கவைத்துப் பாருங்கள். இதற்குச் செலவே இல்லை.

கரும்புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு. வெண்புகை எஞ்சின் சூடேறியதும் மறைந்துவிட்டால், தீப்பற்றும் தரமோ இன்ஜெக்ஷன் டைமிங்கோ (டீசல் பீய்ச்சும் நேரமோ) காரணமாக இருக்கலாம். சீட்டேன் சேர்பொருளுக்கு நியாயமான வேலை இங்கேதான் இருக்கிறது. சூடேறிய பின்னும் வெண்புகை நீடித்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், எஞ்சின் தலைப்பகுதியின் இடைவெளியை அடைக்கும் ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங், வால்வு சீல், டர்போ ஆகியவற்றில் ஒன்று தேய்ந்திருக்கும். டேங்கில் எதை ஊற்றினாலும் அது சரியாகாது.

4. ஊற்றும் டீசலின் தரத்தை உறுதிசெய்யுங்கள்

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 டீசல்தான் விற்பனையில் உள்ளது. அதில் சீட்டேன் எண் குறைந்தது 51 இருக்க வேண்டும். கந்தகம் 10 பி.பி.எம்.-க்கு (பத்து லட்சத்தில் பத்துப் பங்குக்கு) மேல் போகக் கூடாது. ஐரோப்பாவிலும் இதே 51-தான். அமெரிக்காவில் பொதுத் தரப்படி 40 இருந்தாலே போதும். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் விற்கும் பல பாட்டில்களின் பெருமைகள் அமெரிக்க டீசலை வைத்துச் சொல்லப்பட்டவை. 42-இல் இருக்கும் டீசலை 47-க்கு ஏற்றினால் தெரியும் மாற்றம், ஏற்கெனவே 51-க்கு மேல் இருக்கும் டீசலில் தெரியாது. தொடக்க எண் உயர உயர, அதே அளவு சேர்பொருள் தரும் உயர்வும் குறைந்துகொண்டே போகும்.

ஆகவே நம்பகமான பெட்ரோல் பங்கில் டீசல் போடுபவருக்கு, தீப்பற்றும் தரம் பெரும்பாலும் குறையாகவே இருக்காது. குறை இருப்பது கலப்படத்தில்தான். மண்ணெண்ணெயின் சீட்டேன் எண் டீசலைவிடப் பெரும்பாலும் குறைவு. உயவுத் தன்மை மிகக் குறைவு, அதனால் பம்பும் டீசலைப் பீய்ச்சும் நாசிலும் தேயும். கந்தகமோ இந்தியத் தர நிர்ணயப்படி 2,500 பி.பி.எம். வரை இருக்கலாம். அந்த வரம்பளவு கந்தகம் உள்ள மண்ணெண்ணெயைப் பத்தில் ஒரு பங்கு கலந்தாலே, 10 பி.பி.எம். டீசல் ஏறத்தாழ 260 பி.பி.எம். ஆகிவிடும். புகைக்குழாயில் வினையூக்கி உள்ள வண்டிக்கு இது நஞ்சு.

பங்கில் நீங்கள் கேட்கக்கூடிய சோதனை அடர்த்திச் சோதனை. ஹைட்ரோமீட்டரும் வெப்பமானியும் அங்கே இருக்க வேண்டும், கட்டணம் கிடையாது. அளந்த எண்ணை 15 டிகிரிக்கு மாற்றி, டேங்கர் வந்தபோது பதிந்த அடர்த்தியோடு ஒப்பிட வேண்டும். வேறுபாடு கன மீட்டருக்கு 3 கிலோவுக்குள் இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. நம் வெயிலில் 33 டிகிரியில் அளந்தால், டீசல் விரிந்திருப்பதால் எண் 12 அல்லது 13 அளவுக்குக் குறைவாகவே தெரியும். அதைப் பலகையில் எழுதியிருக்கும் எண்ணோடு நேராக ஒப்பிட்டுக் கலப்படம் என்று சண்டை போட்டுவிடாதீர்கள். மாற்று அட்டவணையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அடர்த்தி சரியாக இருந்தால் சீட்டேன் எண்ணும் சரி என்று முழுதாகச் சொல்லிவிட முடியாது, ஆனாலும் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் அடர்த்தி இறங்கிக் காட்டிக்கொடுக்க வாய்ப்பு உண்டு. பில்லைப் பத்திரப்படுத்துங்கள், பில் இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது.

ஆய்வகத்தில் சோதிக்க விரும்பினால், கேட்க வேண்டியது சீட்டேன் எண்ணா, சீட்டேன் குறியீடா என்பதில் தெளிவாக இருங்கள். குறியீடு என்பது அடர்த்தியையும் கொதிநிலைகளையும் வைத்துக் கணக்கிடுவது. சேர்பொருளால் வந்த உயர்வு அதில் தெரியாது. சேர்பொருள் வேலை செய்ததா என்று அறிய எஞ்சினில் வைத்துச் சோதிக்கும் எண்ணே வேண்டும், அதற்குச் செலவு அதிகம். ஒற்றை வண்டிக்காரருக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து.

டிரம்மில் வைத்துக் குறைந்த விலைக்கு விற்கும் பயோடீசல் என்ற திரவத்தின் பக்கம் போகாதீர்கள். தரமான பயோடீசலை 7 சதவீதம் வரை டீசலில் கலக்கத் தர நிர்ணயமே இடம் தருகிறது. அதில் ஆக்சிஜன் இருப்பதால் கரித்துகள் குறையும், நைட்ரஜன் ஆக்சைடு சற்றுக் கூடும். டிரம்மில் வருவது பெரும்பாலும் அந்தத் தரத்தில் இருப்பதில்லை. வடிகட்டிய சமையல் எண்ணெயாக இருந்தால் அதன் பாகுத்தன்மை நாசில் முனையில் கரியைக் கட்டிவிடும்.

5. பாட்டிலுக்கு முன் பட்டறை

என் வேனின் புகையைக் குறைத்தவை இந்த வேலைகள்தான். செலவு குறைந்ததிலிருந்து கூடியதை நோக்கிச் செல்லுங்கள்.

முதலில் ஏர் ஃபில்டர். அடைத்த ஃபில்டர் காற்றைக் குறைத்து, நேராகக் கரும்புகையாக வெளிப்படும். என்னுடையதை ஊதிச் சுத்தம் செய்தே இரண்டு ஆண்டுகள் ஓட்டியிருந்தார்கள்; புதிது 650 ரூபாய். அதை மாற்றியதும் மீட்டர் 2.7-க்கு வந்தது. அடுத்து டீசல் ஃபில்டரும் தண்ணீர் பிரிக்கும் கிண்ணமும். பிறகு டர்போ உள்ள வண்டியில் காற்றுக் குழாயில் விரிசலோ தளர்ந்த கிளாம்போ இருக்கிறதா என்பதையும், புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பி அனுப்பும் இ.ஜி.ஆர். வால்வு திறந்தபடி சிக்கிக்கொண்டிருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இதற்கும் மசியாவிட்டால் நாசில்களைக் கழற்றிப் பம்பு சர்வீஸ் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டும். எத்தனை அழுத்தத்தில் திறக்கிறது, பனிபோலப் பரவுகிறதா, மூடிய பின் சொட்டுகிறதா என்ற மூன்றையும் நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்கலாம். என் வேனில் நான்கில் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. நான்கையும் சுத்தம் செய்து, ஒன்றை மாற்றி, திரும்பப் பொருத்த எனக்கு 4,800 ரூபாயும் ஒன்றரை நாளும் ஆயின. உங்கள் வண்டி காமன் ரெயில் வகை (எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாய் உள்ளது) என்றால் செலவு பல மடங்கு கூடும். கழற்றும் முன் ஸ்கேனரில் ஒவ்வொரு இன்ஜெக்டரின் திருத்த அளவையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

பழைய வண்டி வாங்கியவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். பிக்கப் வேண்டும் என்பதற்காகப் பம்பில் டீசல் அளவைக் கூட்டி வைத்திருப்பார்கள். பம்பின் சீல் உடைந்திருந்தால் சந்தேகப்படுங்கள். என் வண்டியில் அதுவும் இருந்தது. சோதனை நாளுக்கு மட்டும் அளவைக் குறைத்து, சான்றிதழ் வாங்கிய பின் பழையபடி கூட்டித் தருவதாகச் சிலர் சொல்வார்கள். அதற்குச் சம்மதிக்காதீர்கள். அந்தப் புகை நாம் குடியிருக்கும் தெருவில்தான் இறங்குகிறது. கூடுதலாக ஊற்றப்பட்டு எரியாமல் போகும் டீசலுக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள். பம்பை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு நிரந்தரமாகக் கேலிபிரேட் செய்து சீல் வைக்கச் சொல்லி, அதற்கு பில்லும் வாங்குங்கள்.

இவை முடிந்த பின் என் வேன் காட்டிய எண் 1.74.

6. இன்னும் சேர்பொருள் வேண்டும் என்றால், எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள்

கடையில் எல்லாப் பாட்டிலிலும் புகை குறையும், மைலேஜ் கூடும் என்றே எழுதியிருக்கும். அவற்றுள் இருப்பவை வேறு வேறு. பாட்டிலின் பின்புறத்தையோ, விற்பவரிடம் கேட்டால் கிடைக்க வேண்டிய பாதுகாப்புத் தரவுத் தாளையோ படித்து எந்த வகை என்பதை முடிவுசெய்யுங்கள்.

சீட்டேன் உயர்த்தி: இதில் பெரும்பாலும் இருப்பது 2-எத்தில்ஹெக்சைல் நைட்ரேட். எஞ்சினின் சூட்டில் இது டீசலுக்கு முன்பே உடைந்து, தீப்பற்றும் வினையைத் தொடங்கிவைக்கும் துணுக்குகளைத் தருகிறது. காலை வெண்புகைக்கும் தட்டும் சத்தத்துக்கும் பயன்படும். மலைப்பகுதியில் குளிரில் வண்டி நிறுத்துபவர்களுக்கு, நீலகிரியிலும் கொடைக்கானலிலும் இருப்பவர்களைப் போல, இது பொருள் உள்ள செலவு. சமவெளியில் சூடான எஞ்சினின் கரும்புகைக்காக இதை வாங்க வேண்டாம். பைலட் இன்ஜெக்ஷன் உள்ள புதிய எஞ்சின்களில், முதலில் சிறு துளியைப் பீய்ச்சித் தாமதத்தை எஞ்சினே குறைத்துக்கொள்வதால், இதன் பயன் இன்னும் சுருங்கும். இதன் ஆவியை நுகர்ந்தால் தலைவலி வரும். திறந்த வெளியில் கையுறை அணிந்து ஊற்றுங்கள், வெயிலில் காயும் கேபினில் பாட்டிலை வைத்துவிடாதீர்கள்.

கழுவி: நாசில் முனையில் படிந்த கரியைக் கரைக்கும் சோப்புப் போன்ற பொருள். கரும்புகையில் உண்மையாகப் பயன் தரக்கூடியது இதுதான், அதுவும் படிவால் தெளிப்பு கெட்டிருந்தால் மட்டுமே. தேய்ந்த நாசிலை இது திருத்தாது. எண்ணெய் நிறுவனங்கள் சற்றுக் கூடுதல் விலைக்கு விற்கும் டீசலில், இந்தியன் ஆயிலின் எக்ஸ்ட்ராகிரீன் போன்றவற்றில், பலவகைச் சேர்பொருள்கள் அளவாகக் கலந்தே வருகின்றன. அதை ஊற்றுபவர் தனியே பாட்டில் வாங்குவது ஒரே மருந்தை இரு முறை உட்கொள்வது போன்றது.

உயவு சேர்பொருள்: கந்தகம் நீக்கும்போது டீசலின் இயற்கையான வழுக்கும் தன்மையும் போய்விடுகிறது. சுத்திகரிப்பு ஆலையிலேயே அதை ஈடுகட்டி, தேய்மானச் சோதனையில் உலோகத்தில் விழும் தழும்பு 460 மைக்ரானுக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறார்கள். பழைய பம்பு தேயும் என்று பயந்து டூ ஸ்ட்ரோக் ஆயிலை டேங்கில் ஊற்றும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அது எரிந்து சாம்பலையும் புகையையும் கூட்டும். புகைச் சோதனைக்கு முன் அறவே வேண்டாம்.

உலோக வினையூக்கி: சீரியம், இரும்பு போன்றவற்றின் கூட்டுப்பொருள்கள். கரித்துகள் குறைந்த சூட்டிலேயே எரிந்துபோக இவை உதவும். பிரான்சின் பீஜோ நிறுவனம் 2000-இல் வெளியிட்ட 607 காரில், துகள் வடிகட்டியைச் சுத்தம் செய்யச் சீரியம் சேர்பொருளைத் தனித் தொட்டியிலேயே வைத்திருந்தது. அந்தக் கார் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. அவ்வாறு வடிவமைக்காத வண்டியில் ஊற்றினால், உலோகச் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிடும். கரி எரிந்துபோகும், சாம்பல் எரிந்துபோகாது.

வாங்கும்போது தயாரித்த தேதி, கலக்கும் விகிதம், பி.எஸ். 6-க்கு ஏற்றதா, உலோகம் இல்லாததா என்ற நான்கையும் பார்த்து, பில் வாங்குங்கள். விகிதமே எழுதாத பாட்டிலை எந்த விலைக்கும் வாங்காதீர்கள்.

7. அளவும் காலமும்

ஆயிரத்துக்கு ஒன்று என்று எழுதியிருந்தால் 60 லிட்டர் டேங்குக்கு 60 மில்லி. மூடியால் குத்துமதிப்பாக ஊற்றாமல், மருந்துக்கடையில் கிடைக்கும் அளவுக் குவளையைப் பயன்படுத்துங்கள். டேங்க் காலியாக இருக்கும்போது முதலில் சேர்பொருளை ஊற்றி, அதன் மேல் டீசல் நிரப்பினால் நன்றாகக் கலக்கும். இரு மடங்கு ஊற்றினால் இரு மடங்கு பயன் வராது. இரண்டு பாட்டில்களை ஒரே டேங்கில் கலக்கவும் வேண்டாம்.

சோதனை நாள் காலையில் ஊற்றிவிட்டுப் போவது வீண். சீட்டேன் உயர்த்தி அந்த டேங்கிலேயே வேலை செய்யும், ஆனால் மீட்டர் அதைக் காட்டாது. மீட்டரில் தெரியக்கூடிய கழுவிக்கோ இரண்டு மூன்று டேங்க் டீசல் எரிய வேண்டும். நாளொன்றுக்கு 80 கிலோமீட்டர் ஓடும் வேனுக்கு இது ஏறத்தாழ ஒரு மாதம் வரை பிடிக்கலாம். கழுவி கரைத்துவிடும் அழுக்கு டீசல் ஃபில்டரில் சேரும் என்பதால், இடையில் ஃபில்டரை மாற்றும் செலவையும் கணக்கில் வையுங்கள்.

8. பி.எஸ். 6 வண்டிக்காரர்களுக்கு

உங்கள் வண்டியில் துகள் வடிகட்டி இருக்கிறது. அது நல்ல நிலையில் இருந்தால் 0.7-ஐ எட்டவே வழியில்லை. எண் கூடியிருந்தால் வடிகட்டி உடைந்திருக்கலாம், அல்லது முந்தைய உரிமையாளர் அதை வெட்டி எடுத்திருக்கலாம். எந்தச் சேர்பொருளும் அதற்கு மாற்றாகாது.

ஆட்புளூ அல்லது டி.இ.எஃப். என்று விற்கும் நீல மூடித் திரவம் டீசல் சேர்பொருள் கிடையாது. அது 32.5 சதவீத யூரியா கரைந்த நீர். புகைக்குழாயில் தெளிக்கப்பட்டு நைட்ரஜன் ஆக்சைடைக் குறைப்பது. அதற்குத் தனித் தொட்டி உண்டு. தவறி டீசல் டேங்கில் ஊற்றிவிட்டால் சாவியைப் போடவே போடாதீர்கள்; சாவியைப் போட்டதும் பம்பு அதை இழுத்துவிடும், பிறகு டேங்கிலிருந்து இன்ஜெக்டர் வரை எல்லாவற்றையும் மாற்ற நேரலாம். இழுவை வண்டியை வரவழைத்து டேங்கைக் காலிசெய்வதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

9. சோதனை நாள்

எஞ்சின் ஆயில் 60 டிகிரிக்கு மேல் சூடாகியிருக்க வேண்டும் என்பது விதி. வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் ஓட்டிப்போய் நின்றால் அந்தச் சூடு வராது. நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் நிலையத்துக்குப் போங்கள். சைலன்சரில் படிந்திருக்கும் கரியும் வழியிலேயே வெளியேறிவிடும். வரிசை நீளமாக இருந்தால் திரும்ப ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

ஆக்சிலேட்டரை முழுதாகப் பலமுறை மிதிப்பார்கள். டைமிங் பெல்ட் மாற்றும் காலம் கடந்திருந்தால் அந்த முடுக்கத்தில் அறுந்துபோகும் ஆபத்து உண்டு, எஞ்சினே போய்விடும். பெல்ட்டின் வயதையும் ஆயில் அளவையும் முந்தின நாளே பார்த்துவிடுங்கள். ஒரே மிதியில் வந்த எண்ணை வைத்து முடிவு சொன்னால், அடுத்தடுத்த அளவீடுகள் ஒன்றோடொன்று ஒத்துவந்த பின் அவற்றின் சராசரியை எடுக்க வேண்டும் என்று பணிவாக நினைவூட்டுங்கள். புகைக்குழாய்க்குள் புரோபு (மீட்டருக்குப் புகையை எடுக்கும் குழல்) சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டியைக் கொண்டுபோகாமலே சான்றிதழ் தருவதாகச் சொல்பவரிடம் வாங்காதீர்கள். சாலையில் சந்தேகப்படும் அதிகாரி மறு சோதனைக்கு உத்தரவிட்டால், மாட்டிக்கொள்வது வண்டியின் உரிமையாளர்தான்.

எஃப்.சி. தேதிக்குக் குறைந்தது 45 நாட்களுக்கு முன் முதல் சோதனையைச் செய்துகொள்ளுங்கள். தோற்றால் பட்டறை வேலைக்கு ஒரு வாரமும், கழுவி ஊற்றினால் ஒரு மாதமும் கிடைக்கும். ஒவ்வொரு சீட்டிலும் உள்ள எண்ணையும், அன்றைய கிலோமீட்டரையும், டீசல் போட்ட பங்கின் பில்லையும், மாற்றிய பாகத்தின் பெயரையும் ஒரே நோட்டில் தேதியோடு எழுதிவாருங்கள். ஆறு மாதம் கழித்து 1.74 என்பது 2.1 ஆகியிருந்தால், முதலில் ஏர் ஃபில்டர் மாற்றிய தேதியைப் பார்த்துவிட்டுப் பிறகு பட்டறைக்குப் போங்கள்.